பரணில் வைத்த ஆன்டெனா

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் தம்பி டிவியில் வருவான். பதினைந்து நிமிடம். அதைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு ஒரு ஆன்டெனா வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவு விஷயத்தை என் கணவர் மூன்று வாரம் இழுத்தடித்தார்.

அவர் சர்வேயர். நிலத்தை அளப்பது தொழில், மற்றதையெல்லாம் அளப்பது குணம். சோபா வாங்கப் போனால் டேப்பை எடுத்துக்கொண்டு வருவார். சோபாவை வாங்காமல் அதன் அளவை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புவார். நான் ஒரு பல் மருத்துவரிடம் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப்போடுகிறவர்களை நாள் முழுவதும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வருகிறவர்கள்கூட இவரளவுக்கு யோசித்து நான் பார்த்ததில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்குக் காது போய்விட்டது. இப்போது முப்பத்தொரு வயது. ஒரு அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறான். எங்களோடுதான் இருக்கிறான், கீழே சமையலறையை ஒட்டிய அறையில். அவன் பேசுவது கையால். அந்தப் பேச்சை அவனோடு சேர்ந்தே நானும் கற்றுக்கொண்டேன். சண்டை போட எனக்கு அதைவிட வசதியான மொழி கிடையாது. அவன் கையால் சொல்வதை இங்கே வாயால் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

உள்ளூர் சேனல் ஒன்றில் சனிக்கிழமைச் செய்தியைச் சைகையிலும் சொல்வார்கள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒருவர் நின்று கையை ஆட்டுவார். அங்கே நின்றவர்கள் எல்லாம் காது கேட்கிறவர்கள். பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது, பாதி புரியவில்லை என்று தம்பியின் நண்பர்கள் சேர்ந்து எழுதிப் போட்டார்கள். அப்படியானால் உங்களில் ஒருவரே வாருங்கள் என்று சேனல் சொல்லிவிட்டது. கேமராவுக்குக் கீழே எழுத்து ஓடும், அதைப் படித்துச் சைகையில் சொல்ல வேண்டும். தம்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு சனிக்கிழமை சோதனை. நான்காவது முடிந்ததும், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வார்கள்.

கேபிள் டிவியை நாங்கள் போன வருடமே வேண்டாம் என்று வெட்டிவிட்டோம். இணையத்தில் அந்தச் சேனலின் செய்தி துண்டு துண்டாக வரும், ஆனால் மூலையில் இருக்கும் பெட்டியை எடுத்துவிட்டுத்தான் போடுவார்கள். செய்தி வரும், என் தம்பி வரமாட்டான். எங்கள் ஊரில் ஆன்டெனா இருந்தால் சேனல்கள் காற்றிலேயே இலவசமாக வரும்; அதில்தான் அவன் முழுதாக இருப்பான். அதனால்தான் ஆன்டெனா.

நான் பாட்டுக்குக் கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்திருப்பேன். பல் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அந்தக் கடை இருக்கிறது. காகிதம் மாதிரி மெல்லிசாக, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற இன்டோர் ஆன்டெனா ஒன்று வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அது விளையாட்டுச் சாமான். உயரம்தான் முக்கியம். பரண்ல வைக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்குப் பாக்கணும்" என்றார்.

எங்கள் பரணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சாய்ந்த கூரைக்கும் மேல்மாடிக்கும் நடுவில் இருக்கிற, குனிந்துகொண்டே நடக்க வேண்டிய இடம் அது. எனக்குத் தூசி ஆகாது, ஏறவே மாட்டேன். போன கோடையில் இரண்டு வாரம் இவர் அங்கே மல்லாக்கப் படுத்து, கூரையின் உள்பக்கம் முழுவதும் ஒரு இடம் விடாமல் பளபளவென்று வெள்ளித்தாள் அடித்தார். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுமாம். வீட்டுக்குள் சூடு மூன்று டிகிரி குறைந்தது உண்மைதான். அதற்கு நான் நன்றி சொன்னேன், அது என் தப்பு. அன்று முதல் யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் பரணைக் காட்டுவார்.

முதல் சனிக்கிழமை கணக்கிலேயே போய்விட்டது. ஒளிபரப்புக் கோபுரம் பதினோரு கிலோமீட்டர், தென்மேற்கு, நடுவில் ஒரு மேடு என்று மூன்று தாளில் எழுதி, ஒரு பக்கம் இன்டோர், ஒரு பக்கம் பரண் என்று கோடு கிழித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார். நான்கு மணிக்கு நான் கறுத்த டிவித் திரையில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குத் தம்பி வந்தான். எங்கள் இருவரையும் பார்த்தான், டிவியைப் பார்த்தான், மேஜைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தான். எப்படி இருந்தது என்று நான்தான் கேட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் பரண் ஜெயித்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. மீன்முள் மாதிரி கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய ஆன்டெனா வந்து இறங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு இவரும் தம்பியும் ஏணியில் ஏறினார்கள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறப்பின் வழியாகத் தம்பியின் கைகள் வேகமாக அசைவது நிழலாகத் தெரிந்தது. இவருடைய தலை ஆடுவதும் தெரிந்தது. பிறகு இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தம்பி இறங்கி வந்து நேராகத் தன் அறைக்குப் போய்விட்டான்.

இவர் இறங்கியதும், அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"நல்ல இடம்னு சொல்றான்" என்றார்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருடம் ஆகிறது. ஒன்பது வருடமும் தம்பி எங்களோடுதான் இருக்கிறான். இவருக்குத் தெரிந்த சைகைகளை நான் எண்ணியிருக்கிறேன்: சாப்பாடு, தண்ணீர், தூக்கம், வேலை, அப்புறம் அந்தக் கட்டைவிரல். மீதிக்குத் தலையாட்டல். தம்பி எதைச் சொன்னாலும் முகமெல்லாம் சிரிப்பாகப் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டுவார். அவன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவனுக்குப் பிடித்த பேனாவைக் கடை கடையாகத் தேடி வாங்கிவந்தவர்தான். புரியவில்லை என்று காட்டிக்கொள்ள மட்டும் கூச்சம். முக்கியமானதென்றால் நான் சொல்லிவிடுவேன் என்கிற தைரியமும்தான். அதனால் நல்ல இடம் என்று தம்பி சொன்னதாக அவர் சொன்னதை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆன்டெனா ஒருவழியாக ஏறிவிட்டதே என்கிற நிம்மதியில் விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் முழுக்க டிவியில் சேனல் தேடுகிற ஸ்கேன். இவர் மேலே ஆன்டெனாவைத் திருப்புவார், நான் கீழே ஹாலில் ரிமோட்டோடு நிற்பேன். கீழே விழுந்து உடைந்துவிடும் என்று போனைப் பரணுக்கு எடுத்துப்போக மாட்டார், எல்லாம் கத்தல்தான். இப்ப என்ன வருது என்று மேலிருந்து கேட்பார். பாத்திரம் என்று நான் கீழிருந்து சொல்வேன். ஏனென்றால் வந்தது ஒரே ஒரு சேனல். அதில் ஒரு பெண்மணி காலையிலிருந்து மாலைவரை ஒரு வாணலியை விற்றுக்கொண்டிருந்தார். அவரும் முழுதாக வரவில்லை, பாதி முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். சனிக்கிழமை நான்கு மணிக்கும் வாணலிதான்.

மூன்றாவது வாரம் பூஸ்டர் வந்தது. சிக்னலைக் கூட்டிக் கொடுக்கிற பெட்டி. பிறகு ஆன்டெனாவின் கேபிளை மாற்றினார். பிறகு கேபிளின் முனையை மாற்றினார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அந்த ஜன்னலில் ஒட்டுகிறதை ஒரு தடவை வாங்கிப் பார்த்தால் என்ன என்று தினமும் கேட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது என்று தினமும் பதில் சொன்னார். கோளாறு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், என் எதிரில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறது என்றேன். அவர் சிரித்தார். பூஸ்டர் வைத்துப் புதிதாக ஸ்கேன் செய்ததில், முன்பு ஒரு எண்ணில் வந்த வாணலி இப்போது இரண்டு எண்ணில் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமையும் போயிற்று.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என்னால் பொறுக்க முடியவில்லை. தம்பி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக எங்களிடம் பார்த்தீர்களா என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜையைத் தட்டி அவனை நிமிரவைத்து, மன்னிச்சிடு, இன்னும் ஒரு வாரம் பொறு, உன் மச்சான் பரணில் ஏதோ செய்துகொண்டேதான் இருக்கிறார் என்று கையால் சொன்னேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அக்கா, பரணுக்குள்ள போன்கூட எடுக்காதுன்னு மச்சான்கிட்ட அன்னிக்கே சொன்னேனே."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவன் மறுபடியும் நிதானமாகச் சொன்னான். நண்பர்களோடு அவன் பேசுவதெல்லாம் வீடியோவில். கை தெளிவாகத் தெரியாவிட்டால் பேச்சே இல்லை. அதனால் இந்த வீட்டில் எந்த மூலையில் சிக்னல் நன்றாக வரும், எங்கே படம் உறையும் என்று அவனுக்கு அத்துப்படி. முன்பெல்லாம் தனியாகப் பேச வேண்டுமென்றால் பரணுக்குத்தான் போவானாம். வெள்ளித்தாள் அடித்த நாளிலிருந்து அங்கே ஒன்றும் வருவதில்லையாம்.

"வெயில மட்டுமா திருப்பி அனுப்புது? எல்லாத்தையும்தான். தகர டப்பாக்குள்ள ஆன்டெனாவை வச்ச மாதிரி. இதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார், கட்டைவிரலைக் காட்டினார், திரும்ப அங்கேயே மாட்டினார். நான் என்ன நினைக்கிறது? பாக்க இஷ்டமில்ல, உனக்காகச் சும்மா எதையோ செஞ்சிட்டு இருக்கார்னு நினைச்சேன். அதான் நான் கேக்கல."

என் கணவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே, முகத்தில் அந்தச் சிரிப்போடு, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"ஆன்டெனா பத்தி" என்றார்.

ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். வழக்கமாக நான் மொழிபெயர்க்கும்போது இரண்டு பக்கமும் முனை மழுங்கச் செய்துதான் கொடுப்பேன். அன்று அப்படிச் செய்யவில்லை. இஷ்டமில்லை என்று நினைத்தான் என்பதையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் தலை நின்றது. அலுமினியத் தாள் அந்த அளவுக்குத் தடுக்காது என்று முதலில் முனகினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மேலே குனிந்த நடை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை போவதும் வருவதும் கேட்டது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். தலைமுடியில் ஒட்டடை.

"சிக்னல் ஒரு கோடுகூட இல்ல" என்றார்.

அவரை அன்று நன்றாக வைது தீர்த்திருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் படுக்கப் போகும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. ஒன்பது வருடமாக அவர் தலையாட்டுவது எனக்குத் தெரியாதா? கற்றுக்கொள்ளுங்கள் என்று கல்யாணமான புதிதில் நான்கு நாள் சொன்னேன். பிறகு நானே நடுவில் உட்கார்ந்துகொண்டேன். இருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை அந்தக் காகித ஆன்டெனாவை வாங்கி வந்தேன். இவர் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். விளையாட்டுச் சாமான் என்று சொல்லவில்லை. திசை பார்க்கக் காம்பஸை எடுக்கவும் இல்லை. நேராகத் தம்பியின் அறைக்குப் போய், ஆன்டெனாவைக் காட்டி, வீட்டைச் சுற்றி விரலைச் சுழற்றி, தோளைக் குலுக்கினார். எங்கே என்று கேட்கிறாராம். தம்பி அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் ஜன்னலைக் காட்டினான். அங்கே நின்றுதான் அவன் எப்போதும் நண்பர்களோடு பேசுவான். அவனுக்குப் பாத்திரம் கழுவுவதில் இவ்வளவு ஆசையா என்று நான் இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆன்டெனாவின் கேபிள் ஹால்வரை எட்டவில்லை. டிவியைத் தூக்கிவந்து துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் வைத்தோம். ஸ்கேன் ஓடியது. இருபத்தாறு சேனல். வாணலிப் பெண்மணியின் முழு முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

நான்காவது சனிக்கிழமை மூன்றரை மணிக்கே இரண்டு நாற்காலியைச் சமையலறையில் போட்டு உட்கார்ந்தோம். நான்கு மணிக்குச் செய்தி தொடங்கியது. மூலையில், என் உள்ளங்கை அளவுப் பெட்டியில், நான் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த கறுப்புச் சட்டையில் என் தம்பி. குடிநீர்க் குழாய் உடைந்ததைச் சொன்னான்; அவன் விரல்களில் தண்ணீர் பீறிட்டதைப் பார்த்தபோது எனக்கு முகத்தில் தெறித்த மாதிரி இருந்தது. நூலகம் திறக்கும் நேரத்தை மாற்றியதைச் சொன்னான். ஒரு தடுமாற்றம் இல்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்தால் ஒரு நொடி போய்விடும் என்று துடைக்காமலே பார்த்தேன்.

நடுவில் சத்தம் நின்றது. திரும்பினால் ரிமோட் இவர் கையில். எதற்கு நிறுத்தினீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"சத்தம் இருந்தா நான் அதைத்தான் கேப்பேன்" என்றார்.

மீதி நேரம் முழுவதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தப் பெட்டியையே பார்த்தார். ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. செய்தி முடிந்து, ஏதோ விளம்பரம் வந்து, அதுவும் முடிந்த பிறகு என்னிடம் திரும்பினார்.

"தண்ணி மட்டும் புரிஞ்சுது. மத்தது ஒண்ணும் புரியல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "புரியலன்னு எப்படிச் சொல்றது?"

காட்டினேன். அவர் செய்து பார்த்தார். தப்பாகச் செய்தார். மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினேன். ஒன்பது வருடத்தில் இந்த ஒரு சைகை தேவைப்பட்டதே இல்லை இந்த மனிதருக்கு.

ஏழு மணிக்குத் தம்பி வந்தான். நான் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின்மேல் டிவி, எதிரில் இரண்டு நாற்காலி, ஜன்னலில் ஆன்டெனா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்கள் முகத்தையும் பார்த்தான். அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு இவர் பக்கம் திரும்பி, மூச்சு விடாமல், நீளமாக எதையோ சொல்லத் தொடங்கினான்.

இவர் தலை வழக்கம்போல் ஆடக் கிளம்பியது. பாதியில் நின்றது. கையைத் தூக்கினார், மாலையில் கற்றதைச் செய்தார். புரியல.

தம்பியின் கைகள் காற்றிலேயே நின்றன. அவன் என்னைப் பார்த்தான், எப்போதும் பார்ப்பது போல. இவரும் என்னைப் பார்த்தார். எனக்கு விரல் துடித்தது. இரண்டு கையையும் சோப்புத் தண்ணீருக்குள் முழங்கைவரை விட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. சத்தமே இல்லாத பேச்சு அது. ஒரு தடவை நாற்காலி நகர்ந்தது. ஒரு தடவை தம்பி தொண்டைக்குள் சிரித்தது கேட்டது. கழுவின தட்டையே நான்கு தடவை கழுவினேன். திரும்பாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் இவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவனை வச்சுக்கிட்டாங்களாம். இனிமே வாராவாரம் அவன்தானாம்" என்றார்.

சேனல் என்ன சொல்லப்போகிறது என்று நான்கு வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். தம்பியின் செய்தி எனக்கு முந்தி இந்த வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை.

"நிஜமாவே புரிஞ்சுதா, இல்ல தலையாட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு தடவை கேட்டேன்" என்றார்.